வில்லியனூர், கேக்குதா?

அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீடு நீளவாக்கில் கட்டிய வீடு. தெருவை ஒட்டிய அறையில் அப்பாவின் கடை: ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். நடுக்கூடத்தையும் சமையல்கட்டையும் தாண்டிப் போனால் பின்கட்டில் அக்காவின் அறை. அங்கே இன்னொரு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே 40 அடி இருக்கும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றும் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை என்று எங்கள் தெருவில் யார் கையில் எந்தத் தாள் இருந்தாலும் அது அக்கா அடித்ததாகத்தான் இருக்கும். அவள் கடையில் உட்கார மாட்டாள். பின்னறையில் தூளியில் குழந்தை தூங்கும். கயிற்றை ஒரு கால் விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே தமிழ் அடிப்பாள். அடித்ததைப் பென்டிரைவில் ஏற்றி என்னிடம் நீட்டுவாள். நான் முன்னறைக்கு ஓடுவேன். அப்பா தாள் அளவுக்குச் சரிசெய்து ஒரு பிரதி எடுத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டுவார். தாய்மாமன் பெயரை விட்டுவிட்டோம் என்பார்கள். திரும்பப் பின்னறை. ஒரு பத்திரிகைக்கு ஐந்தாறு நடை ஆகும்.

2006-இல் ஒரு நாள் அப்பா சொன்னார்: "நடுவுல ஒரு ஒயர் போட்டா ரெண்டும் பேசிக்குமாமே, பாருடா."

கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் என்பது எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட நாளிலேயே எம்பலத்தில் பார்த்திருக்கிறேன். அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அதற்குப் பண உதவி செய்தது. எம்பலத்து மையம் கோயில் இடத்தில் நடந்தது. அந்த ஊர்ப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள், அத்தை அவர்களில் ஒருவர். வில்லியனூர்தான் தலைமை இடம். விளைபொருள் விலை, அரசுத் திட்டங்கள், உடல்நலக் குறிப்புகள் எல்லாம் அங்கே திரட்டப்பட்டுக் கிராமத்து மையங்களுக்குப் போகும். எல்லா ஊருக்கும் ஒழுங்கான தொலைபேசி இணைப்பு இல்லாத காலம். அதனால் விஎச்எஃப் வானொலிக் கருவியை வைத்தே குரலையும் அனுப்பினார்கள், கம்ப்யூட்டர் கோப்பையும் அனுப்பினார்கள். மின்சாரம் போனால் தாங்குவதற்குக் கூரைமேல் சூரியத் தகடு.

அத்தை கோப்பு வாங்குவதற்கு முன் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கருவியை வாயருகே கொண்டுபோய், "வில்லியனூர், வில்லியனூர், எம்பலம் பேசறேன். கேக்குதா?" என்பார். பதில் வரும்வரை கம்ப்யூட்டரில் கை வைக்க மாட்டார். ஒருநாள் பதிலே வரவில்லை. வில்லியனூரில் ஆள் இல்லை போலிருக்கிறது என்றேன். அத்தை காதில் வாங்கவில்லை. முதலில் பேட்டரி ஒயரைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கருவியின் விளக்கை, பிறகு ஆன்டெனாவுக்குப் போகும் ஒயரை. அதன் திருகு தளர்ந்திருந்தது. "நம்ம பக்கம் எல்லாம் சரின்னு தெரிஞ்சப்புறம்தான் அடுத்தவங்களச் சொல்லணும். குரலே போவலன்னா கோப்பு எப்படிடா போவும்?" என்றார்.

அந்தத் திட்டத்துக்கு 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது 2004 டிசம்பர் 26. எங்கள் ஊருக்குக் கிழக்கே கடற்கரையில் இருக்கும் நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். மீனவர்களுக்கு அன்றாடம் அலை உயரம் சொல்வதற்காக அந்த ஊர்த் தகவல் மையத்தில் வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊரே வெளியேறியது. அந்த ஒலிபெருக்கி அன்று வேலை செய்யும் நிலையில் இருந்தது என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அதைப் போட்டுப் பார்த்து, கேட்கிறதா என்று உறுதிசெய்து வைத்திருக்கிறார்.

ஒயருக்கு வருகிறேன். தவளக்குப்பம் கூட்டுரோட்டில் பஸ் பிடித்துப் பாண்டிக்குப் போய், இரண்டு பக்கமும் முனை அடித்த 20 மீட்டர் கேபிள் வாங்கிவந்தேன். உத்திரத்தை ஒட்டி ஆணி அடித்து இழுத்து மாட்டினோம். விளக்கு எரியவில்லை. கம்ப்யூட்டரின் பின்பக்கம் கேபிள் செருகும் துளைக்கு அருகே பச்சை விளக்கு ஒன்று இருக்கும். கேபிளில் உயிர் இருந்தால்தான் அது எரியும். இரண்டு பக்கமும் இருட்டு.

கேபிளில் பழுதில்லை. கேபிளுக்குள் எட்டுக் கம்பி. அந்நாளைய 100 மெகாபிட் இணைப்பில் நான்குதான் வேலை செய்யும்: 1, 2 பேசும்; 3, 6 கேட்கும். நடுவில் ஸ்விட்ச் பெட்டி இருந்தால் அது ஒன்றின் பேச்சை மற்றதன் காதுக்கு மாற்றிக் கொடுத்துவிடும். பெட்டி இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டரை நேர் கேபிளில் மாட்டினால் வாய் வாயோடும் காது காதோடும் சேர்ந்துவிடும். அதற்குக் குறுக்கு கேபிள் வேண்டும். (பிறகு வந்த கம்ப்யூட்டர்கள் இதைத் தாமே கண்டுபிடித்து மாற்றிக்கொண்டன.)

நண்பனிடம் கிரிம்பிங் டூல் இரவல் வாங்கி, பின்னறையில் உட்கார்ந்து ஒரு முனையை வெட்டினேன். மேல் உறையைச் சீவினால் நான்கு முறுக்கு; ஒவ்வொன்றிலும் ஒரு முழு நிறம், ஒரு வெள்ளைக் கோடு போட்டது. முறுக்கைப் பிரித்து விரலால் நீவி நேராக்க வேண்டும். மறுமுனையில் வரிசை வெள்ளை-ஆரஞ்சில் தொடங்கியது. ஆகவே இந்த முனையில் வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-ஆரஞ்சு, நீலம், வெள்ளை-நீலம், ஆரஞ்சு, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அக்கா குனிந்து எண்ணிச் சரிபார்த்தாள். எட்டையும் ஒரே மட்டத்தில் நறுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தட்டையாகப் பிடித்தபடி முனைக்குள் தள்ளினேன். கண்ணாடி போன்ற முனைக்குள் எட்டுச் செம்புப் புள்ளிகளும் கடைசிச் சுவரைத் தொடுகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பழுப்பு கொஞ்சம் பின்தங்கியிருந்தது. உருவி, நறுக்கி, மறுபடி. மூன்றாம் முறை டூலை அழுத்தினேன். செருகினேன். முன்னறையிலிருந்து அப்பா, "எரியுதுடா, எரியுதுடா!" என்றார்.

அதன்பிறகும் ஒரு கம்ப்யூட்டர் மற்றதன் பட்டியலில் வரவில்லை. இரண்டும் எக்ஸ்பி. முன்னறையில் இருந்தது ஹோம் பதிப்பு. தன் குழுவின் பெயர் எம்எஸ்ஹோம் என்று வைத்திருந்தது. பின்னறையில் புரொபஷனல், அதன் குழுப் பெயர் வொர்க்குரூப். பெயரை ஒன்றாக்கினோம். 2004-இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்குக்குப் பிறகு எக்ஸ்பியில் ஃபயர்வால் தானாகவே போட்டபடி இருக்கும். கோப்புப் பகிர்வுக்கு அதில் வழிவிட்டோம். முகவரி கொடுக்க நடுவில் யாரும் இல்லாததால் இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தாமே வைத்துக்கொண்டிருந்தன. அந்த எண்ணைக் கண்டதுமே பழுது என்று பதறுகிறவர்கள் உண்டு. வீட்டில் மோடம் இருந்து, அது முகவரி தர வேண்டிய இடத்தில் அப்படி வந்தால்தான் பழுது. இரண்டும் அந்த வரிசையிலேயே இருந்தால் ஒழுங்காகப் பேசிக்கொள்ளும். எங்கள் வீட்டில் மோடம் வரும்வரை பேசின.

அக்கா அடித்ததெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் 'பத்திரிகை' என்ற ஃபோல்டரில் இருக்கும். அப்பா முன்னறையிலிருந்தே திறந்து அச்சடிப்பார். என் ஓட்டம் நின்றது.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. எங்கள் ஊர் அந்த நடுவில்தான் இருக்கிறது. அந்தக் காற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, மரம் என்று சொல்ல எங்கள் தெருவில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தேன். பல நாள் கழித்து மின்சாரம் வந்தபோது பழைய மோடம் எரிந்துபோயிருந்தது. அப்பா புதிது ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். தைக் கல்யாணங்கள் தலைமேல் நின்றன. புயலில் கூரை போன வீட்டிலும் கல்யாணத்தைத் தள்ளிவைக்கவில்லை. எட்டு வீட்டுப் பத்திரிகை அக்காவின் கம்ப்யூட்டரில் முடிந்து கிடந்தது. முன்னறைக் கம்ப்யூட்டரில் அவள் பெயர் இல்லை.

முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். கேபிளை மாற்றினேன், ஃபயர்வாலை நிறுத்தினேன், குழுப் பெயரை அழித்துத் திரும்ப எழுதினேன், எல்லாம் ஒரே மூச்சில். எதனால் எது மாறியது என்று எனக்கே தெரியாத நிலை. இந்தத் தவறு என்னை இன்றும் உறுத்தும். மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்துவிட்டு, அக்காவிடம் கணக்கு எழுதும் நீளநோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தையின் "கேக்குதா?"விலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன்.

அதற்குக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கட்டளை இருக்கிறது: பிங். அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை செய்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியே அதற்குப் பெயர். ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பி, திரும்பி வருகிறதா, வர எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும். அதற்கு மேல் எதுவும் கேட்காது.

முன்னறையிலிருந்து தனக்கே பிங்: சரி. பின்னறைக்கு: போகவில்லை. இரண்டின் முகவரியையும் ஐபிகான்ஃபிக் கட்டளையில் எடுத்து நோட்டில் எழுதச் சொன்னேன். பின்னறையில் அக்கா படிப்பாள். ஆறு வயதுப் பாப்பா அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கூடத்தில் ஓடிவந்து என்னிடம் ஒப்பிப்பாள். முன்னறை: 192.168.0.2. பின்னறை: 192.168.1.3.

அப்பா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "கிட்டக் கிட்டத்தானே இருக்கு?"

எங்கள் பக்கத்தில் இதை விளக்குவது எளிது. பாண்டிக்குள் யாருக்குப் போன் போட்டாலும் நம்பரை நேரே அழுத்தினால் போதும், எல்லாம் 0413 கோடு. கடலூருக்கு என்றால் முன்னால் 04142 போட்டு எஸ்டிடியாகப் போக வேண்டும். புதுச்சேரி மாவட்டமே தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சிங்கிரிகுடி நரசிம்மரைக் கும்பிட நடந்தே போய்விடலாம், ஆனால் கோயில் இருப்பது கடலூர் மாவட்டம். பக்கத்தில் இருப்பது வேறு, ஒரே கோடுக்குள் இருப்பது வேறு. கம்ப்யூட்டர் முகவரியில் எதுவரை எஸ்டிடி கோடு, எதிலிருந்து வீட்டு நம்பர் என்று பிரித்துக் காட்டுவது சப்நெட் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்ணும் கோடு. 192.168.0 ஓர் ஊர், 192.168.1 இன்னோர் ஊர். பழைய மோடத்துக்காக முன்னறைக் கம்ப்யூட்டருக்கு நான் கையால் எழுதி வைத்த முகவரி அப்படியே நின்றுவிட்டது. புது மோடம் வேறு கோடு கொடுக்கிறது. முகவரியை மோடமே கொடுக்கட்டும் என்று மாற்றினேன். 192.168.1.2 வந்தது.

"கேக்குதா?" பின்னறையிலிருந்து முன்னறைக்குப் போயிற்று. முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போகவில்லை.

ஒருவழிதான் கேட்கிறது என்பது பெரிய துப்பு. கேபிள் சரி, முகவரி சரி, மோடம் சரி. இல்லையென்றால் ஒருவழிகூடப் போயிருக்காது, பதில் திரும்பியிருக்காது. பின்னறைக் கம்ப்யூட்டர் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அது அதற்குள் விண்டோஸ் 7-க்கு மாறியிருந்தது. அக்காவிடம் கேட்டேன், "புது மோடம் மாட்டினப்ப ஏதாவது கேட்டுச்சா?"

"ஆமாடா. இது வீடா, ஆபீசா, பொதுவான்னு கேட்டுச்சு. கடைக்குத்தான் எல்லாரும் வர்றாங்களே, பொதுன்னு போட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் முன்னறை பொது இடம்தான். ஆனால் கம்ப்யூட்டரின் அகராதியில் பொது என்றால், இந்த வலையில் இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களை நம்பாதே, உன்னைக் காட்டிக்கொள்ளாதே என்று பொருள். விமான நிலையத்திலோ விடுதியிலோ இருக்கும்போது அது நல்ல காவல். மோடம் மாறியதும் கம்ப்யூட்டருக்கு அது புது இடமாகத் தோன்றியிருக்கிறது, அதனால்தான் கேட்டிருக்கிறது. 'வீடு' என்று மாற்றினோம். அடுத்த பிங்குக்கு நான்கு வரியும் பதில் வந்தன.

பட்டியலில் மட்டும் பெயர் இன்னும் வரவில்லை. அப்பாவுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வாசலில் ஒருவர் சைக்கிளோடு நின்றார். பட்டியலை விட்டுவிட்டு, ரன் பெட்டியில் இரண்டு சாய்கோடு போட்டு 192.168.1.3 என்று நேரே அடித்தேன். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. அக்காவின் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது. வெற்றுப் பாஸ்வேர்டோடு வெளியிலிருந்து வந்தால் விண்டோஸ் ஏற்காது. நேரில் உட்கார்ந்து திறக்கலாம், வலைவழியே முடியாது. அக்கா ஒன்று வைத்தாள். என் காதில் சொன்னாள். திறந்தது. 'பத்திரிகை' ஃபோல்டரில் எட்டு வீடும் வரிசையாக இருந்தன.

பட்டியல் விஷயத்தை அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டே அப்பாவுக்குச் சொன்னேன். அந்நாளில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒன்றைப் பட்டியல்காரராக வைத்துக்கொள்ளும். மற்றவை "நான் இருக்கிறேன்" என்று அவ்வப்போது அறிவிக்கும். முதலில் அடுத்தடுத்து, பிறகு 12 நிமிடத்துக்கு ஒருமுறை. சட்டென்று அணைந்துபோன கம்ப்யூட்டர் அரை மணி கழிந்தும் பட்டியலில் தெரியும். இருக்கும் கம்ப்யூட்டர் தெரியாமலும் போகும். "ஓட்டர் லிஸ்ட் மாதிரி" என்றார் அப்பா. வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது அக்காவின் பெயர் வந்திருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில், எத்தனையோ கடைகளில் இதைப் பார்த்துவிட்டேன். "தெரியல" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் ஒயர் செத்திருக்கலாம், கோடு மாறியிருக்கலாம், கதவு சாத்தியிருக்கலாம், பட்டியல் பழையதாயிருக்கலாம், சாவி இல்லாமலிருக்கலாம். எல்லாவற்றுக்கும் திரையில் ஏறக்குறைய ஒரே அறிகுறி. ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்திவிடு என்று அறிவுரை சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். கதவுதான் காரணமா என்று பார்க்கக்கூட அவர்கள் நிற்பதில்லை. வேலை முடிந்தபின் கதவைத் திரும்பச் சாத்தவும் மறந்துவிடுகிறார்கள்.

முன்னறை எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு முடிந்தது. அப்பா விடவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நாசநிரல் உலகமெங்கும் பரவியது. பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டைவழியாகத்தான் அது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல், விண்டோஸ் 10-ஐப் புதிதாக நிறுவினால் அந்தப் பழைய முறை தானாக வருவதில்லை. அக்காவின் புதுக் கம்ப்யூட்டர் எக்ஸ்பியைக் காணவில்லை என்றது. பழைய முறையைத் திரும்பப் போட வழி இருக்கிறது, நான் போடவில்லை. அப்பாவிடம் எடுத்துச் சொல்லி எக்ஸ்பியைக் கேபிளிலிருந்து கழற்றினேன். அதில் அவர் ஜாதகம் மட்டும் கணித்துக்கொண்டிருந்தார், கடைசிவரை.

போன மாதம் பாப்பா போன் செய்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "மாமா, என் லேப்டாப்புக்குக் கடை பிரிண்டர் தெரிய மாட்டேங்குது. அம்மாவோடதுக்குத் தெரியுது."

"முகவரி படி."

அவளுடையது 192.168.0.105. பிரிண்டர் 192.168.1.7.

"பின்னால புதுசா ஏதாவது மாட்டினீங்களா?"

வைஃபை எட்டவில்லை என்று பின்கட்டில் இரண்டாவது ரவுட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது மோடத்துக்குப் பின்னால் தனியாக ஒரு கோடு ஏற்படுத்திக்கொண்டு, தன்னிடம் வந்தவர்களுக்கு அந்த முகவரியைக் கொடுத்திருக்கிறது. முதலில் அந்த ரவுட்டர் முகவரி கொடுப்பதை நிறுத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.254 என்று மாற்று, பிறகு நீல நிறத் துளையில் இருக்கும் கேபிளை உருவிப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் துளைகளில் ஒன்றில் மாட்டு என்று சொன்னேன். ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னேன். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு, "ஆச்சு மாமா" என்றாள். உத்திரத்தோடு போகும் அதே பழைய கேபிள்தான். ஒரு முனையை மட்டும் பிறகு மாற்றினோம்.

லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். 192.168.1.9. பிங் அடிக்கத் தெரியுமா என்று கேட்பதற்குள் அடித்துவிட்டாள். நான்கு பதில்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "அந்த ரெண்டாவது பெட்டி நம்பர் என்ன சொன்னான்? 254-ஆ? இரு, நோட்ட எடுத்துக்கிட்டு வர்றேன்."